கலாவதிக்கு ஒரு கால்

ஒரு பெண்ணின் பெயரை நான் வேண்டுமென்றே பிழையாகத் தட்டெழுதினேன். கை தவறிவிட்டது என்று நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்ப விட்டேன். கை தவறவில்லை. இப்போது எனக்கு வயதாகிவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லப் பொறுமையில்லை.

அந்தப் பெண்ணின் கணவரைத் திருகோணமலைத் துறைமுகத்தில் சுக்கானியார் என்பார்கள். பெற்றோர் வைத்த பெயரை அவரே யோசித்துத்தான் சொல்வார். தமிழில் உள்ள ஒரு சொல்லின் அர்த்தத்தைத் தனி ஆளாகப் பிடித்து வளைத்து, கொட்டியாரக் குடா முழுவதும் ஓடவிட்ட மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். எந்தப் புலவருக்கும் கைகூடாத காரியத்தை ஒரு நோக்காட்டு முழங்காலை வைத்துக்கொண்டு செய்து முடித்தார்.

சுக்கானியாருடைய லோஞ்சின், அதாவது இயந்திரப் படகின், பெயர் கலாவதி. இங்கிலீசுக்காரக் கடற்படை மூட்டை கட்டியபோது ஏலத்தில் விட்ட பழைய உடல் அது. இயந்திரம் ஓடும் சத்தத்தைவிட இருமும் சத்தமே அதிகம். புருசனும் பெண்சாதியுமாக ஒரு மாரிகாலம் முழுவதும் அதன் சாம்பல் நிறப் பூச்சைச் சுரண்டினார்கள். "சுரண்டினவளின்ட பேர்தான் லோஞ்சுக்கு" என்று சுக்கானியார் முடிவாகச் சொல்லிவிட்டார். சுரண்டினவர் கலாவதி அக்கா.

லோஞ்சு திருகோணமலைக்கும் மூதூருக்கும் ஆட்களை ஏற்றியது. எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் சுக்கானியார் இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். கடலைப் பற்றிப் பேசும்போது, "இண்டைக்கு அவவுக்குக் கொஞ்சம் மனம் சரியில்லை" என்று மரியாதையாகச் சொல்வார். லோஞ்சில் இரண்டு பேர் சண்டை பிடித்தால் நடுக்குடாவில் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். "கதைச்சு முடியுங்கோ. எனக்கு அவசரமில்லை" என்று சொல்லிப் பாயை விரித்துப் படுப்பார். வேலி வழக்குகளும், சீதன வழக்குகளும், விவாகரத்து வரைக்கும் போன ஒரு வழக்கும் அங்கே அலையில் ஆடி ஆடித் தீர்ந்தன. அந்தக் காலத்தில் மூதூர்ப் பக்கத்து அப்புக்காத்துமாருக்கு வருமானம் குறைந்ததற்குச் சுக்கானியார்தான் காரணம் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

இறங்குதுறையில் தனியார் லோஞ்சு ஒன்றுக்கு மட்டுமே இடம் இருந்தது. எந்த லோஞ்சாவது ஏழு நாள், ஒரு கிழமை, ஓடாமல் நின்றால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர் ஒருவர் புதுப் பூச்சு மணக்கும் லோஞ்சோடு எப்போதும் காத்திருந்தார். இடம் போனால் சுக்கானியாருக்கு வேறு வழியில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு வலை இழுக்கவும் ஏலாது.

கந்தோர் வேலையைத் தமிழிலும் செய்யலாம் என்று உத்தரவு வந்த நாட்கள் அவை. படகுகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கந்தோரில் நான் இளம் எழுதுவினைஞன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த பட்டதாரி; அதை நான் மறந்தாலும் மற்றவர்கள் மறக்க நான் விட்டதில்லை. தவணை முடிந்த பத்திரங்களில் குத்தும் ஆங்கில முத்திரைக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்றார் பிரதம இலிகிதர். ஒருவர் "முடிஞ்சுது" என்று போடலாம் என்றார். இன்னொருவர் "தவணை தப்பியது" என்றார். "சரிவராது எண்டு ஒரு முத்திரை செய்வம் ஐயா. எல்லாத்துக்கும் பாவிக்கலாம்" என்றார் பியோன்.

நான் எழுந்து நின்று, "காலாவதி" என்றேன். காலத்தோடு அவதி சேர்ந்த சொல் அது. அவதி என்றால் இங்கே எல்லை. ஆகவே காலத்தின் எல்லை என்று கைகளை விரித்து விளக்கினேன். பிரதம இலிகிதர் தலையாட்டினார். கொழும்புக்கு அனுப்பப்போகும் எங்கள் கந்தோர்ச் சொற்களில் அதுவே முதலில் நிற்கும் என்றார். அன்று நான் சைக்கிளை மிதிக்கவில்லை. அது தானாகவே வீடு போனது.

அந்த முத்திரை முதன்முதலில் விழுந்தது சுக்கானியாருடைய பழைய பத்திரத்தில். புதுப்பிக்க வந்த மனிதர் பத்திரத்தைக் கையில் எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டுக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"தம்பி, இது ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"எது?"

"எனக்குக் கால் அவதி எண்டு."

கந்தோரில் பேனைகள் எல்லாம் நின்றன.

"அவதிதான் தம்பி. மாரி துவங்கினா முழங்காலை மடக்க ஏலாது. ஆனா அரசாங்கம் இப்பிடி எழுத்தில போட்டு விசாரிக்கும் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்ல."

"ஐயா, அது கால் இல்லை. காலம். காலம், அவதி."

"காலமும் அவதிதான். ஆர் இல்லை எண்டது."

"அவதி எண்டா எல்லை ஐயா."

"உங்களுக்குக் கல்யாணம் முடியட்டும் தம்பி. பிறகு வந்து கேக்கிறன், அவதி எண்டா என்ன எண்டு."

பியோன் சிரிப்பை அடக்க ஏலாமல் வெளியே ஓடினார். பிரதம இலிகிதர் கோப்பொன்றைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சுக்கானியார் லோஞ்சில் ஏறியவர்களுக்கெல்லாம் அரசாங்கம் தன் காலை விசாரித்த கதையைச் சொன்னார். மூதூருக்குப் போன சொல் கிண்ணியா வழியாகத் திரும்பி வந்தது. மீன் சந்தையில், "இந்தக் குளிருக்குக் காலாவதி கூடிப்போச்சு" என்றார்கள். ஆசுபத்திரி வரிசையில், "உங்களுக்கு ஒரு கால்லயோ, ரெண்டு கால்லயுமோ காலாவதி?" என்று கேட்டார்கள். கடைசியில் கடற்கரைப் பக்கத்து வைத்தியர் ஒருவர் கடை வாசலில் பலகை தொங்கவிட்டார்: காலாவதித் தைலம் இங்கே கிடைக்கும். சனம் முண்டியடித்து வாங்கியது. தவணை முடிந்த எண்ணெயைத் தவணை முடிந்தது என்று எழுதி விற்றுக் கொழித்த வியாபாரி வேறு எங்காவது இருந்தால் எனக்கு அறிவியுங்கள்.

ஒரு போத்தல் எங்கள் கந்தோருக்கும் வந்தது. பிரதம இலிகிதருக்கும் முழங்கால் நோ இருந்தது. அவர் அதை மேசையில் வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உம்மட சொல்லைப் போத்தல்ல அடைச்சு விக்கிறாங்கள். நல்லாத்தான் கேக்குது. ஆனா கொழும்புக்கு அனுப்ப ஏலாது."

என் முத்திரை மேசை லாச்சிக்குள் போனது. "முடிவுற்றது" என்று புது முத்திரை வந்தது. காலாவதி என்ற சொல்லே எங்கள் கந்தோரில் காலாவதியாயிற்று. புதுப் பத்திரம் வரும்வரை பழையதிலேயே ஓட விடுவது கந்தோர் வழக்கம். அன்று மாலை சுக்கானியாருடைய புதுப் பத்திரத்தைத் தட்டெழுதும் வேலை என் மேசைக்கு வந்தது.

தமிழ்த் தட்டெழுத்துப் பொறியில் க என்ற எழுத்துக்கு ஒரு விசை. அதைக் கா ஆக்கும் கோட்டுக்குத் தனியாக இன்னொரு விசை. அந்தக் கோட்டை நாங்கள் அரவு என்போம். இந்தியாவிலிருந்து வரும் இலக்கணப் புத்தகங்களில் அதற்குக் கால் என்று பெயர். படகின் பெயர் என்ற இடத்தில் க தட்டினேன். அடுத்து ல வரவேண்டும். நான் கால் விசையைத் தட்டினேன். கலாவதி காலாவதியானாள். கால் நோக்காட்டுக்காரருக்கு ஒரு கால் இனாம் என்று தனியே இருந்து சிரித்தேன். பிரதம இலிகிதர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

சுக்கானியாரும் வாசிக்கவில்லை. தன் பெண்சாதியின் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த வாரமே மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி ஒரு பரிசோதகர் வந்தார். பெயர் தங்கராசா. அவர் இறங்குதுறையில் நின்று பத்திரத்தைப் பார்த்தார், லோஞ்சைப் பார்த்தார், மறுபடி பத்திரத்தைப் பார்த்தார்.

"லோஞ்சில கலாவதி எண்டு இருக்கு. பத்திரத்தில வேற பேர். ஓட ஏலாது."

சுக்கானியார் நொண்டி நொண்டிக் கந்தோருக்கு வந்தார். பத்திரத்தைத் திருத்தக் கொழும்புக்கு எழுதவேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார் பிரதம இலிகிதர்.

"ஒரு கிழமை நிண்டா என்ட இடம் போயிடும் ஐயா."

"ஒரு சின்னக் கைப்பிழை. தம்பி பாவம், வேணுமெண்டு செய்யேல்ல" என்று பிரதம இலிகிதர் என்னைக் காட்டினார்.

சுக்கானியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "அதுக்கென்ன. எனக்கும் சில நாள் சுக்கான் பிசகும்" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அவர் வீட்டில் அன்று நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். பத்திரத்தைத் திருத்த ஏலாவிட்டால் லோஞ்சைத் திருத்துவம் என்றிருக்கிறார் சுக்கானியார். பத்திரத்தில் விழுந்த அந்தக் காலை லோஞ்சிலும் பூசிவிட்டால் பேர் பொருந்திவிடும். கலாவதி அக்கா மீன் அரிந்த கையோடு நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

"என்ட பேரை முடிஞ்சுபோனது எண்டு எழுதப்போறீங்களோ?"

"முடிஞ்சது இல்லையடி. கால் நோ."

"அது இன்னும் விசேசம்."

கடைசியில் அக்கா ஒரு பக்கத்துக்கு மட்டும் சம்மதித்தார். "ஒரு பக்கம் அரசாங்கத்துக்கு. மற்றப் பக்கம் எனக்கு" என்று சொல்லி, தூரிகையைப் புருசனிடம் கொடுக்காமல் தானே போய் அந்தக் காலைப் பூசினார்.

மறுநாள் காலை இறங்குதுறையில் சனம் நிறைந்திருந்தது. இடத்துக்குக் காத்திருந்த அடுத்தவரும் புதுச் சட்டையோடு வந்திருந்தார். பிரதம இலிகிதர் என்னையும் பார்த்து வர அனுப்பினார். லோஞ்சு குடாவுக்குள்ளிருந்து இருமிக்கொண்டு வந்தது. நேரே வராமல் ஒரு பெரிய வட்டம் அடித்து, அரசாங்கப் பக்கத்தை இறங்குதுறைக்குக் காட்டி வந்து அணைந்தது. காலாவதி என்று புத்தம் புதிதாக மினுங்கியது. சனம் கைதட்டியது.

தங்கராசா பத்திரத்தைப் பார்த்தார், லோஞ்சைப் பார்த்தார். பொருந்தியது. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

"காலாவதி எண்டா தவணை முடிஞ்சது. அப்பிடிப் பேர் எழுதின லோஞ்சில சனத்தை ஏத்த விட ஏலாது."

"உங்கட பேர் என்ன ஐயா?" என்றார் சுக்கானியார்.

"தங்கராசா."

"தங்கம் இருக்கோ?"

"இல்லை."

"ராசாவோ?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப நீங்கள் பேரை வைச்சுக்கொண்டு உத்தியோகம் பாக்கிறீங்கள். என்ட லோஞ்சு பேரை வைச்சுக்கொண்டு ஓடக்கூடாதோ?"

சிரிப்பில் இறங்குதுறைப் பலகைகள் அதிர்ந்தன. அதோடு, காலாவதி என்றால் தவணை முடிந்தது என்பதைச் சனம் ஒப்புக்கொள்ளவும் இல்லை. மூதூருக்குப் போகக் காத்திருந்த, முக்காடு போட்ட வயதான உம்மா ஒருவர், பையிலிருந்து தைலப் போத்தலை எடுத்து அவருடைய மூக்குக்கு நேரே பிடித்தார்.

"வாசிங்க மகன். காலாவதி எண்டா கால் நோவு. நான் இதைப் பூசித்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தனான்."

தங்கராசா சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டார். "இவர் தமிழ் படிச்ச பட்டதாரி. இவர் சொல்லட்டும். கிளாக்கர், காலாவதி எண்டா என்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுக்கானியாரும் பார்த்தார். உண்மையான அர்த்தத்தைச் சொன்னால் அவருடைய இடம் போய்விடும். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் அவருக்குக் கெடுதல் செய்தேன். இப்போது அதே சொல் என் நாக்கு நுனியில் நின்றது.

"புத்தகத்தில காலத்தின்ட எல்லை எண்டு இருக்கும்" என்றேன். "ஆனா ஒரு சொல்லுக்கு அர்த்தம் குடுக்கிறது அதைப் பேசுற சனம். இந்தத் துறைமுகத்தில காலாவதி எண்டா கால் நோ."

என்னைத் தோளில் தூக்காத குறை. லோஞ்சு கழுத்து முட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஏறத் தேவையில்லாதவர்களும் ஏறினார்கள். தங்கராசா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அடுத்தவர் தன் புது லோஞ்சை எங்கே கட்டுவது என்று தெரியாமல் நின்றார். நடுக்குடாவுக்குப் போகும்வரை சுக்கானியார் கொம்பை விடாமல் ஊதினார். துறைமுகத்தில் இங்கிலீசுக்காரன் காலத்துப் போர்க்கப்பல்களுக்குக்கூட அப்படி ஒரு வழியனுப்பல் கிடைத்திருக்காது.

அன்றிலிருந்து காலாவதி புகழ் பெற்றது. அந்த வட்டத்தைப் பார்க்கவே பிள்ளைகள் கடற்கரைக்கு வந்தார்கள். காலாவதி தினமும் ஓடுவதாகப் பொலிஸ் எழுதிய குறிப்பைக் கண்டு, தவணை முடிந்த லோஞ்சை ஏன் ஓட விடுகிறீர்கள் என்று கொழும்பு கேட்டது. பதில் எழுதும் வேலை எனக்கு வந்தது. "காலாவதியின் அனுமதிப்பத்திரம் காலாவதியாகவில்லை" என்று எழுதினேன். என் தமிழ்ப் படிப்பின் உச்சம் அதுதான்.

ஆனால் சுக்கானியார் என்னைக் கண்டால் மீன் கொடுத்தார். லோஞ்சில் ஏறினால் நிழலான பக்கத்தில் இருத்தினார். "இவர்தான் என்ட இடத்தைக் காப்பாத்தினவர்" என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொன்னார். அந்த மீனை நான் ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை; பியோனிடம் கொடுத்துவிடுவேன்.

ஒருநாள் சந்தையில் கலாவதி அக்கா எனக்கு முன்னால் நின்று கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். பரிசோதகர் சொன்ன அர்த்தத்தை மறக்காத ஒருத்தி பக்கத்தில் நின்று, "காலாவதியக்கா, நல்லதை எடுக்காதீங்கோ, உங்களுக்கு வாடினதுதான் பொருத்தம்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு கத்தரிக்காயை வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார். நான் அவருடைய பெயரைக் கெடுக்கிறேன் என்று அதுவரை ஒருமுறையேனும் நினைத்ததில்லை. சுக்கானியாரை மட்டுமே நினைத்திருந்தேன்.

அதன் பிறகு நான் கொழும்புக்கு எழுதத் தொடங்கினேன். எழுதினேன், விடுப்பெடுத்து நேரில் போனேன், மறுபடி எழுதினேன். திருகோணமலைக் கந்தோரில் யாருக்கோ பைத்தியம் பிடித்துவிட்டது என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். கடைசியில் கலாவதி என்று தெளிவாகத் தட்டெழுதிய பத்திரம் வந்தது. அதைக் கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

சுக்கானியார் அதை வாசித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தம்பி, கொழும்போட சண்டை பிடிச்சு வாங்கினீங்களோ" என்று ஆரம்பித்தார்.

"அந்தக் காலை நான் வேணுமெண்டுதான் போட்டனான்" என்றேன். "கை தவறேல்ல. என்ட சொல்லை நீங்கள் பகிடி ஆக்கிப்போட்டீங்கள் எண்ட கோவம்."

சுக்கானியார் பத்திரத்தைக் கீழே வைத்தார். குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

"எனக்குச் செய்ததெண்டா உம்மைக் கடல்ல தள்ளிவிட்டு மறந்திருப்பன்" என்றார். என்னை அவர் 'உம்மை' என்றது அதுதான் முதல் தடவை. "பேர் அவளின்ட. அவளிட்டக் கேளும்."

அக்கா வாசலுக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை இறங்குதுறைக்கு வாங்கோ. நிண்டு என்ட பேரைச் சொல்லி ஆள் கூப்பிடுங்கோ. எல்லாருக்கும் கேக்கவேணும். ஒரு ஞாயிறு போதும்."

போனேன். வெள்ளைச் சட்டையோடு இறங்குதுறை விளிம்பில் நின்றேன். வாய் திறந்தேன், காற்று மட்டும் வந்தது.

"இன்னும் பலமா" என்றார் அக்கா. "பட்டதாரித் தொண்டைக்கு என்ன நடந்தது?"

"கலாவதி. மூதூர் கலாவதி வெளிக்கிடுது. கலாவதி."

"மகன், கந்தோர் வேலை போயிட்டுதா?" என்று அந்த உம்மா கவலையோடு விசாரித்தார். தங்கராசா மிடுக்காக வந்து பத்திரத்தை வாசித்து, லோஞ்சின் இரண்டு பக்கத்தையும் எட்டிப் பார்த்து, ஒரு குறையும் கிடைக்காமல் திரும்பினார். அக்கா விடியற்காலையிலேயே அந்தக் காலைச் சுரண்டி எடுத்திருந்தார். நான் கூப்பிடக் கூப்பிடச் சனம் ஏறியது. எனக்குக் குரல் பழகிவிட்டது. கத்தரிக்காய்ப் பகிடி விட்ட பெண்ணும் கூடையோடு வந்தாள். அவள் ஏறும்போது இன்னும் பலமாக, எழுத்து எழுத்தாகக் கூப்பிட்டேன். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சுக்கானியார் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, "வாங்கோ தம்பி, ஏறுங்கோ" என்றார்.

ஒரு ஞாயிறு போதும் என்றுதான் அக்கா சொன்னார். நான் மாற்றலாகி ஊரைவிட்டுப் போகும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் வேறெங்கும் போனதில்லை.